‘அழி’ பொத்தானை அழுத்தினால் உலாவியில் எது அழிகிறது?

இணையத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை, “ஹிஸ்டரியையும் கேஷையும் கிளியர் செய்து பாருங்கள்” என்பதுதான். பக்கம் சரியாகத் திறக்கவில்லை என்றாலும் இதுவே மருந்து. கைபேசி மெதுவாக இயங்குகிறது என்றாலும் இதுவே மருந்து. தாம் பார்த்தவை பிறருக்குத் தெரியக் கூடாது என்று எண்ணுபவருக்கும் இதுவே மருந்து. சர்வரோக நிவாரணியாகப் பரிந்துரைக்கப்படுவதாலேயே, அந்தப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது என்பது பலருக்கும் மங்கலாக இருக்கிறது. புகைப்படங்களும் கடவுச்சொற்களும் போய்விடும் என்று அஞ்சிச் சிலர் அதைத் தொடுவதே இல்லை. வேறு சிலர் நாள்தோறும் அதை அழுத்திவிட்டு, தம் இணைய நடமாட்டத்தின் சுவடு எங்குமே இல்லை என்று நிம்மதியாக உறங்குகிறார்கள். அச்சம், நிம்மதி ஆகிய இரண்டுக்குமே போதிய அடிப்படை இல்லை.

குழப்பத்துக்கு அந்தப் பொத்தானின் அமைப்பும் ஒரு காரணம். பார்வைக்கு அது ஒன்று; ஆனால் அதற்குப் பின்னால் வெவ்வேறு நோக்கங்களுக்காக உலாவி சேர்த்து வைக்கும் பல சேமிப்புகள் இருக்கின்றன. க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகக் காட்டி, எதை அழிப்பது என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. சஃபாரியில் ‘வரலாற்றை அழி’ என்று மட்டும் சொன்னாலும், வரலாற்றோடு குக்கீகளும் கேஷும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு செயல்களைக் குறிக்கும்போது பயனர் குழம்புவதில் வியப்பில்லை.

## நூலகத்துக்குப் போகும் வாசகர்

ஒரு பெரிய நூலகத்தை நினைத்துக்கொள்வோம். அங்கு அடிக்கடி போகும் வாசகர் ஒருவர், எந்த நாளில் எந்த நூலைப் புரட்டினார் என்பதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். சில பக்கங்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படுவதால், ஒவ்வொரு முறையும் நடந்து போகாமல் இருக்க அவற்றை நகலெடுத்து வீட்டு மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறார். நூலகம் அவருக்கு எண் எழுதிய டோக்கன் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டினால்தான் அவர் யார், எந்த நூலை எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார் என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். இவை போக, நூலகத்துக்குள்ளேயே பதிவேடு ஒன்று இருக்கிறது. யார் எப்போது வந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்பதை நூலகர் அதில் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

இதில் வாசகர் உலாவி. உலாவி என்பது க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் போல, இணையப் பக்கங்களைத் திறக்கப் பயன்படும் செயலி. நூலகம் சேவையகம், அதாவது ஓர் இணையதளத்தின் கோப்புகளை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினி. குறிப்பேடு உலாவல் வரலாறு, இழுப்பறையில் உள்ள நகல்கள் கேஷ், டோக்கன் குக்கீ. இவை மூன்றும் வாசகரின் வீட்டில், அதாவது நம் சாதனத்தில் இருக்கின்றன. நூலகரின் பதிவேடு அங்கு இல்லை. ‘அழி’ பொத்தானின் கை வீட்டுக்குள் மட்டுமே நீளும் என்பதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

## குறிப்பேடு: உலாவல் வரலாறு

உலாவல் வரலாறு என்பது நாம் திறந்த பக்கங்களின் முகவரி, தலைப்பு, திறந்த நேரம், எத்தனை முறை திறந்தோம் என்ற எண்ணிக்கை ஆகியவை அடங்கிய பட்டியல். பக்கத்தில் இருந்த கட்டுரையோ படமோ அதில் இருப்பதில்லை. முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்துகளைத் தட்டியதுமே நாம் வழக்கமாகப் போகும் தளத்தின் பெயர் வந்து நிற்பதும், முன்பே திறந்து பார்த்த இணைப்பு நீல நிறத்திலிருந்து ஊதா நிறத்துக்கு மாறியிருப்பதும் இந்தப் பட்டியலின் உதவியால்தான். க்ரோம் 90 நாள்களுக்கு முந்தைய பதிவுகளைத் தன் பட்டியலிலிருந்து தானாகவே நீக்கிவிடுகிறது.

அந்த ஊதா நிறத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஒரு தளம், பயனரின் கண்ணுக்குத் தெரியாதபடி நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தன் பக்கத்தில் ஒளித்து வைத்து, அவற்றில் எவை ஊதாவாக மாறியிருக்கின்றன என்று உலாவியிடமே கேட்டு, அவர் வேறு எந்தெந்தத் தளங்களுக்குப் போயிருக்கிறார் என்பதை ஒரு காலத்தில் கண்டுபிடித்துவிட முடிந்தது. 2010இல், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவைச் சேர்ந்த டேவிட் பேரன் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். அதன்படி, தளம் கேட்கும்போது எல்லா இணைப்புகளும் திறக்கப்படாதவை என்றே உலாவி பதில் சொல்லும். கேட்டவரிடம் வேண்டுமென்றே பொய் சொல்லும். நல்ல நோக்கத்துக்காகப் பொய் சொல்லக் கற்பிக்கப்பட்ட மென்பொருள் என்று இதைச் சொல்லலாம்.

வரலாற்றை மட்டும் அழித்தால் பட்டியல் போகும். ஊதா இணைப்புகள் மீண்டும் நீலமாகும். முகவரிப் பட்டையின் பரிந்துரைகள் குறையும். புக்மார்க் செய்து வைத்தவை போகாது. எந்தத் தளத்திலிருந்தும் நாம் வெளியேற்றப்பட மாட்டோம். சாதனம் வேகமும் பெறாது. இவை வெறும் எழுத்து வரிகள், அவற்றின் சுமை மிகக் குறைவு. அதே சாதனத்தைப் பயன்படுத்தும் இன்னொருவரின் கண்ணில் படாமல் இருக்கவே வரலாற்றை அழிப்பது உதவும். ஒரே ஒரு பதிவுதான் உறுத்துகிறது என்றால், வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் நீக்கவும் முடியும்.

## இழுப்பறை நகல்கள்: கேஷ்

கேஷ் என்பது ஒரு தளத்திலிருந்து ஒரு முறை தருவித்த கோப்புகளின் நகலை, மறுமுறை தருவிக்காமல் இருப்பதற்காக உலாவி சாதனத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம். ஒரு செய்தித் தளத்தின் முகப்பு நமக்கு ஒரே பக்கமாகத் தெரிந்தாலும், அது சின்னம், எழுத்துரு, நிறங்களையும் அமைப்பையும் சொல்லும் கோப்பு, பொத்தான்களை இயக்கும் நிரல்கள், படங்கள் எனப் பல பத்துக் கோப்புகளால் ஆனது. இவற்றில் செய்திதான் நாளுக்கு நாள் மாறுகிறது. சின்னமும் எழுத்துருவும் மாதக்கணக்கில் மாறுவதில்லை. மாறாதவற்றை ஒவ்வொரு முறையும் கண்டம் கடந்து வரவழைப்பது நேரத்துக்கும் கேடு, தரவுக் கட்டணத்துக்கும் கேடு.

எதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் சேவையகமே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு கோப்பையும் அனுப்பும்போது அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டி அனுப்புகிறது. அதில் ஆயுட்காலம் நொடிகளில் எழுதப்பட்டிருக்கும். 31536000 என்று இருந்தால் 365 நாள்கள் என்று பொருள். அந்தக் காலம் முடியும்வரை உலாவி சேவையகத்தைத் தொந்தரவு செய்யாமல் தன்னிடம் உள்ள நகலையே எடுத்துக்காட்டலாம். காலம் முடிந்த பிறகும் உடனே நகலை எறிந்துவிடுவதில்லை. “என்னிடம் இந்த அடையாளமுள்ள நகல் இருக்கிறது, இது இன்னும் செல்லுமா?” என்று கேட்கிறது. கோப்பு மாறவில்லை என்றால் சேவையகம் கோப்பை அனுப்பாமல், ‘மாற்றமில்லை’ என்று பொருள்படும் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்புகிறது. நூலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, “அந்த நூலின் புதிய பதிப்பு வந்துவிட்டதா?” என்று கேட்டு, “இல்லை” என்றதும் பழைய நகலையே எடுத்துப் படிப்பதற்கு இது ஒப்பானது.

“கேஷை அழித்துப் பாருங்கள்” என்ற அறிவுரை எங்கிருந்து பிறந்தது என்பதும் இந்த ஏற்பாட்டில்தான் விளங்குகிறது. தளத்தை நடத்துபவர் ஒரு கோப்புக்கு ஓராண்டு ஆயுள் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதத்தில் அதே பெயரில் அந்தக் கோப்பை மாற்றி எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலாவிக்கு அது தெரிய வழியில்லை. அது கையில் உள்ள சீட்டை நம்பிப் பழைய நகலையே காட்டுகிறது. புதிய பக்கமும் பழைய அமைப்புக் கோப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல், எழுத்துகள் சிதறியும் பொத்தான்கள் வேலை செய்யாமலும் போகின்றன. பயனர் முறையிட்டால், “உங்கள் பக்கம்தான் பிரச்சினை, கேஷை அழியுங்கள்” என்று பதில் வருகிறது. உண்மையில் இது பெரும்பாலும் தளத்தைக் கட்டியவரின் கவனக்குறைவு. கோப்பின் உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் அதன் பெயரையும் மாற்றிவிடுவது நெடுங்காலமாக உள்ள நல்ல வழக்கம். பெயர் புதிதாக இருந்தால் உலாவி தானே போய்ப் புதிய கோப்பைத் தருவித்துக்கொள்ளும். அந்தச் சிறு வேலையைச் செய்யாதவரின் சுமையைத்தான் நாம் பொத்தானை அழுத்திச் சுமக்கிறோம்.

அப்படிச் சுமக்க நேர்ந்தாலும், முழுக் கேஷையும் அழிக்கத் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் க்ரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்றிலும், சிக்கலுள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இழுப்பறை நகல்களைப் புறக்கணித்து, எல்லாவற்றையும் சேவையகத்திலிருந்து புதிதாகத் தருவிக்கச் சொல்லலாம். இதற்குப் பதிலாக மொத்தக் கேஷையும் அழிப்பது, மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான்.

கேஷ் நிரம்பினால் சாதனம் மெதுவாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கேஷுக்கு உலாவி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வரம்பை நெருங்கும்போது நெடுநாள் பயன்படாத நகல்களைத் தானாகவே தூக்கி எறிந்து இடம் செய்துகொள்கிறது. நாமாக அழித்தால், அடுத்த சில நாள்களுக்கு ஒவ்வொரு தளமும் முதல் முறை திறப்பது போல மெதுவாகத்தான் திறக்கும், தரவும் கூடுதலாகச் செலவாகும். வேகத்துக்காகச் செய்த காரியம் வேகத்தையே தின்றுவிடுகிறது. சேமிப்பிடம் அறவே தீர்ந்துபோன கைபேசியும், ஏதோ ஒரு நகல் பழுதடைந்து பக்கம் திறக்க மறுப்பதும் இதற்கு விதிவிலக்குகள்; அங்கே கேஷை அழிப்பதில் பொருள் இருக்கிறது.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கிச் சொன்னால்: வரலாறு என்பது எங்கே போனோம் என்ற பட்டியல், கேஷ் என்பது அங்கிருந்து கொண்டுவந்த கோப்புகளின் நகல். இரண்டையும் அழித்தாலும் நம் கணக்குகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் ஒன்றும் ஆகாது. தளங்கள் நம்மை மறக்கும் கதை இனிமேல்தான் வருகிறது.

## டோக்கன்: குக்கீ

இணையத்தின் அடிப்படை உரையாடல் முறைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு: அதற்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெற்ற மறுகணமே, கேட்டவர் யார் என்பதைச் சேவையகம் மறந்துவிடலாம். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நாம் அதற்கு மீண்டும் அந்நியர். படிக்க மட்டும் பக்கங்கள் இருந்த காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. கடைகள் இணையத்துக்கு வந்தபோது, கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் காணாமல் போயிற்று. 1994இல், அக்கால உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதற்குக் கண்ட தீர்வுதான் குக்கீ.

குக்கீ என்பது ஒரு தளம் நம் உலாவியிடம் கொடுத்து வைக்கும் சிறு எழுத்துத் துணுக்கு. அதே தளத்துக்கு மீண்டும் போகும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டுகிறது. அதன் அளவு ஏறக்குறைய 4096 பைட்டுகளுக்கு மேல் போவதில்லை. அது நிரல் இல்லை என்பதால் தானாக எதையும் செய்யவும் அதனால் முடியாது. வைரஸ் என்று அதை அஞ்சுவது பொருத்தமற்றது. பெரும்பாலான உள்நுழைவுக் குக்கீகளில் இருப்பது புரியாத நீண்ட எண்ணெழுத்துக் கோவை ஒன்றுதான். நம் பெயரும் கடவுச்சொல்லும் அதில் இருப்பதில்லை. “இந்தக் கோவையைக் காட்டுபவர் இன்ன கணக்குக்கு உரியவர்” என்ற குறிப்பு சேவையகத்தின் பக்கம் இருக்கிறது. டோக்கனில் எண் மட்டும் இருக்க, அந்த எண்ணுக்குரிய விவரம் நூலகரிடம் இருப்பதைப் போல.

குக்கீகளை அழித்தால் நடப்பவை இதிலிருந்து இயல்பாகவே விளங்கும். டோக்கன் இல்லாததால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும். “இது நம்பகமான சாதனம்” என்று முன்பு குறித்து வைத்தது போய்விடுவதால், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் தளம் திரும்பக் கேட்கும். மொழி, நிறம் போன்ற விருப்பங்கள் தொடக்க நிலைக்குத் திரும்பும். வேடிக்கையான ஒரு விளைவும் உண்டு: “எங்கள் குக்கீகளை ஏற்கிறீர்களா?” என்று கேட்கும் பட்டையில் ‘மறுக்கிறேன்’ என்று நாம் சொன்ன பதிலும் பெரும்பாலும் ஒரு குக்கீயில்தான் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் அழித்தால் அந்த மறுப்பும் அழிந்து, ஒவ்வொரு தளமும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கும்.

குக்கீகளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவை மூன்றாம் தரப்புக் குக்கீகள். நாம் திறந்த தளம் கொடுக்காமல், அந்தப் பக்கத்துக்குள் விளம்பரத்தையோ பொத்தானையோ வைத்திருக்கும் வேறொரு நிறுவனம் கொடுக்கும் டோக்கன் அது. அந்த நிறுவனம் ஆயிரம் தளங்களில் விளம்பரம் வைத்திருந்தால், ஆயிரம் இடங்களிலும் அதே டோக்கனைப் பார்த்து நம் பாதையைக் கோத்துவிட முடியும். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் இவற்றுக்கு இயல்பிலேயே கடுமையான தடை போட்டுவிட்டன. மற்ற உலாவிகளிலும் இவற்றைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. மாதந்தோறும் அழிப்பதைவிட ஒருமுறை தடுத்து வைப்பது பயனுள்ளது என்பது என் கருத்து.

பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குக்கீயை அழிப்பதும் தளத்திலிருந்து வெளியேறுவதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றில்லை. ‘வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்தும்போது, நன்றாகக் கட்டப்பட்ட தளத்தில் அந்தச் செய்தி சேவையகத்துக்குப் போய், அந்த டோக்கன் எண் அங்கேயே செல்லாததாக்கப்படுகிறது. குக்கீயை அழித்தால் டோக்கனை நாம் கிழித்துப் போட்டோம், அவ்வளவுதான். அந்த எண் இன்னும் செல்லும் என்றே சேவையகம் நினைத்துக்கொண்டிருக்கும். தீய மென்பொருள் ஒன்று அதற்கு முன்பே அந்த எண்ணைப் பிரதி எடுத்திருந்தால், நாம் கிழித்த பிறகும் அந்தப் பிரதியைக் காட்டி உள்ளே போக வாய்ப்பு உண்டு. ஆகையால் முதலில் வெளியேறி, பிறகு அழிப்பதே சரியான வரிசை.

## குக்கீயோடு சேர்ந்து போகும் பிற தரவு

குக்கீயில் இடம் குறைவு என்பதால், பெரிய தரவுகளை வைக்கத் தளங்களுக்கு உலாவி வேறு சேமிப்புகளையும் தருகிறது. இணைப்பு இல்லாத நேரத்திலும் இயங்கும் குறிப்புச் செயலிகள், உலாவியில் திறக்கும் அரட்டைச் செயலிகள் போன்றவை இவற்றைப் பயன்படுத்துகின்றன. அழிப்புப் பட்டியலில் ‘குக்கீகளும் பிற தளத் தரவும்’ என்று சேர்த்தே இருப்பதால், குக்கீக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இவையும் போகும். இன்னும் சேவையகத்துக்கு அனுப்பப்படாத வரைவு ஏதேனும் இவற்றில் இருந்தால், அதை மீட்க வழியில்லை.

கடவுச்சொற்களும், படிவங்களில் தானாக நிரப்பப்படும் முகவரி போன்றவையும் தனிக் கட்டங்களில் இருக்கின்றன. நாமாகத் தேர்ந்தெடுத்தால் தவிர அவை போகாது. கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் உலாவியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆண்ட்ராய்டில் அங்கே கேஷை அழிப்பதற்கு ஒரு பொத்தானும், செயலியின் மொத்தச் சேமிப்பையும் அழிப்பதற்கு இன்னொரு பொத்தானும் அருகருகே இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் உலாவி புதிதாக நிறுவியது போல ஆகிவிடும். ஒத்திசைக்கப்படாத புக்மார்க்குகளும் போய்விடும். ஒத்திசைவு என்பது ஒரே கணக்கில் உள்ள பல சாதனங்களிலும் தரவு ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

## நூலகரின் பதிவேடு

நம் வீட்டுக் குறிப்பேட்டைக் கிழித்தால் நூலகரின் பதிவேட்டில் உள்ள வரி அழிவதில்லை. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும், எந்த இணைய முகவரி எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்பதைச் சேவையகங்கள் பொதுவாகப் பதிவு செய்கின்றன. இடையில் இருக்கும் இணையச் சேவை நிறுவனமும் அலுவலக வலையமைப்பும் தமக்கெனத் தனிப் பதிவு வைத்திருக்கக்கூடும். முகவரி https என்று தொடங்கும் மறைகுறியாக்கப்பட்ட தளங்களில், நாம் எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பதை இடையில் இருப்பவர் வழக்கமாகப் பார்க்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கணக்கில் உள்நுழைந்து தேடுபவர்களுக்கு இன்னொரு பதிவேடும் உண்டு. கூகுள் கணக்கின் கீழ் செய்யப்படும் தேடல்களும் யூடியூபில் பார்த்த காணொளிகளும், அவற்றைச் சேமிக்கும் அமைப்பு செயலில் இருந்தால், கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தில் சேர்கின்றன. உலாவியின் வரலாற்றை அழிப்பதால் அவை அழியா. அந்தப் பக்கத்துக்கே போய் அழிக்க வேண்டும். 2020 ஜூன் மாதம் முதல், புதிய கணக்குகளில் இணையச் செயல்பாடுகளை 18 மாதங்களுக்குப் பிறகு தானாக அழிப்பதை கூகுள் இயல்பு அமைப்பாக்கியது. ஒத்திசைவு இயங்கும்போது எதிர்த்திசையிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது: கணினியில் வரலாற்றை அழித்தால், அதே கணக்கில் உள்ள கைபேசியின் வரலாறும் சேர்ந்தே அழியும்.

டோக்கனே இல்லாமல் ஆளை அடையாளம் காணும் முறையும் இருக்கிறது. திரையின் அளவு, நிறுவியுள்ள எழுத்துருக்கள், நேர மண்டலம், உலாவியின் பதிப்பு என ஒவ்வொன்றும் தனியாகப் பொதுவானவைதான். சேர்த்துப் பார்த்தால், நடையையும் குரலையும் வைத்து ஒருவரைக் கண்டுகொள்வதைப் போல, ஓர் உலாவியைத் தனித்து அறிந்துவிடலாம். இதற்கு உலாவிக் கைரேகை என்று பெயர். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு மற்ற எதனோடும் ஒத்துப்போகாத கைரேகையைக் கொண்டிருந்தன. இது நம் சாதனத்தில் எழுதி வைக்கப்படும் பொருள் அல்லாததால், அழிப்பதற்கு இங்கே எதுவும் இல்லை.

ஆக, நம் சாதனத்தை எடுத்துப் பார்ப்பவரிடமிருந்து மறைக்கவே அழிப்பு உதவும். அதுவும் சாதாரணமாகப் பார்ப்பவரிடமிருந்து மட்டும். கோப்பை அழிப்பது என்பது பல சமயங்களில் அது இருந்த இடத்தைக் காலி என்று குறிப்பதுதான் என்பதால், தடயவியல் கருவிகளோடு வருபவருக்குச் சில துணுக்குகள் கிடைக்கலாம்.

## மறைநிலை எதை மறைக்கிறது?

மறைநிலைச் சாளரம் என்பது சாளரங்களை மூடியதும் தானாகவே வரலாற்றையும் குக்கீகளையும் கேஷையும் அழித்துவிடும் ஏற்பாடு. சஃபாரி 2005இலும் க்ரோம் 2008இலும் இதைக் கொண்டுவந்தன. பதிவிறக்கிய கோப்புகளும் சேர்த்த புக்மார்க்குகளும் அதன் பிறகும் இருக்கும். நூலகத்துக்குக் குறிப்பேடும் பழைய டோக்கனும் இல்லாமல் போய், திரும்பும்போது புதிய டோக்கனை எறிந்துவிட்டு வருவதற்கு இது சமம். நூலகர் எழுதுவதை எழுதிக்கொண்டுதான் இருப்பார். பெயரில் உள்ள ‘மறை’ என்ற சொல்லே மக்களைத் தவறாக நம்பவைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மறைநிலையிலும் தம்மைப் பற்றிய தரவு திரட்டப்பட்டதாகப் பயனர்கள் 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2024இல் வெளியான சமரசத்தின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும் மறைநிலையின் அறிவிப்பு வாசகத்தைத் தெளிவாக்கவும் அந்நிறுவனம் இசைந்தது.

## எந்தக் குறைக்கு எதை அழிப்பது?

ஒரு பக்கம் சிதைந்து தெரிந்தால், மேலே சொன்ன மூன்று விசைகளால் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாகத் தருவியுங்கள். ஒரு தளத்தில் உள்நுழையவே முடியாமல் அது திரும்பத் திரும்ப நுழைவுப் பக்கத்துக்கே தள்ளுகிறது என்றால், முகவரிப் பட்டையின் இடப்புறம் உள்ள சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்தின் குக்கீகளையும் தரவையும் மட்டும் நீக்குங்கள். மற்ற தளங்களின் உள்நுழைவுகள் அப்படியே இருக்கும். இடம் போதவில்லை என்றால் கேஷ் ஒன்றைத் தவிர மற்ற கட்டங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அழிப்புப் பெட்டியில் கால அளவு என்ற பகுதி இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. விண்டோஸ் கணினி உலாவிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் ஆகிய விசைகளால் திறக்கும் அந்தப் பெட்டியில், முதலில் காட்டப்படுவது வழக்கமாகக் கடைசி ஒரு மணி நேரம் போன்ற குறுகிய காலம்தான். அதை மாற்றாமல் அழுத்தினால், நேற்றைய வரலாறு அப்படியே இருக்கும். “அழித்தேன், ஆனால் எதுவும் மாறவில்லை” என்ற முறையீடுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. குக்கீகளிலும் அந்தக் காலத்துக்குள் உருவானவை மட்டுமே போகும் என்பதால், கடந்த வாரம் உள்நுழைந்த தளம் நம்மை இன்னும் அறிந்தே வைத்திருக்கும்.

பலர் பயன்படுத்தும் கணினியில் அமரும்போது தொடக்கத்திலேயே மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்வது எளிது. அதை மறந்து சாதாரணச் சாளரத்தில் உள்நுழைந்துவிட்டால், முதலில் ஒவ்வொரு தளத்திலிருந்தும் வெளியேறி, உலாவியிலேயே உங்கள் கணக்கு இணைக்கப்பட்டிருந்தால் அதையும் நீக்கி, பதிவிறக்கக் கோப்புறையைப் பார்த்துவிட்டு, நீங்கள் அமர்ந்திருந்த நேரம் முழுவதையும் உள்ளடக்கும் கால அளவைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். கணக்கை நீக்காமல் வரலாற்றை அழித்தால், ஒத்திசைவின் வழியாக உங்கள் சொந்தக் கைபேசியின் வரலாறும் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியேறாதது நினைவுக்கு வருகிறது என்றால், அந்தக் கணினியில் கிடக்கும் குக்கீயை இங்கிருந்து அழிக்க வழியில்லை. அதற்குத் தேவையும் இல்லை. உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தால், பெரிய தளங்களில் உள்நுழைந்துள்ள சாதனங்களின் பட்டியல் இருக்கும். அதில் அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றிவிட்டால், அங்கே கிடக்கும் டோக்கன் எண்ணைச் சேவையகமே செல்லாததாக்கிவிடும். அதற்குப் பிறகு அதைக் காட்டுபவர் யாராக இருந்தாலும் உள்நுழைவுப் பக்கத்தில்தான் போய் நிற்பார்.